அந்த ‘ஓம்’ எந்தக் கேள்விக்கு?

நான் பொய்ச்சாட்சி சொன்னவள்.

நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்லவில்லை. வெள்ளாங்குளத்தில், தகரக் கூரை போட்ட பொதுமண்டபத்தில், ஒரு பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவளுடைய கணவனைக் காயப்பட்ட பிறகும் உயிரோடு கண்டதாக ஒருவன் சொன்னான். அதை நானும் என் காதால் கேட்டேன்... இதுதான் நான் சொன்ன சாட்சி.

கேட்டேனா? அதுதான் எனக்கு விளங்கவில்லை! பொய்ச்சாட்சி என்று மேலே துணிந்து எழுதிவிட்டேன். அது பொய்தான் என்பதாவது உறுதியாகத் தெரிந்திருந்தால், இத்தனை வருடங்களில் எங்காவது போய் முழங்காலில் விழுந்து எழும்பியிருப்பேன். பொய்யா மெய்யா என்றே தெரியாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? யாரிடம் கேட்பது? நீங்கள் எனக்கு யாரோ. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

நான் மன்னார்க்காரி. வேதக்காரக் குடும்பம். சின்ன வயதிலிருந்தே பாவசங்கீர்த்தனம் செய்து பழகியவள். கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்திப் போனேன், தங்கச்சியோடு சண்டை பிடித்தேன் என்று ஒப்புவித்துவிட்டு வருவேன். இதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. “சுவாமி, சொக்கட் பஃபரின் அளவைக் கூட்டி வைத்துவிட்டேன்” என்று சொன்னால் பாவம், அவர் என்ன செய்வார்? பத்துக் கட்டளைகளில் எதற்குள் அதை அடக்குவார்? சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டுதான் திரிந்தேன்.

போர் முடிந்து, சனங்கள் முகாம்களிலிருந்து ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மன்னார் நகரில் மீள்குடியேற்ற வேலைகளுக்கென்று ஒரு சிறிய நிலையம் நடந்தது. கணினி படித்தவள் என்று என்னை அங்கே எடுத்தார்கள். வெள்ளாங்குளம் பக்கம் அப்போது கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. தெருவோ, பஸ்ஸில் ஏறியவர் இடுப்பைத் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டிய தெரு. ஆகவே இரண்டு இடத்திலும் கம்பம் நட்டு, நடுவழியிலும் நட்டு, அன்ரெனா பூட்டி, ஒரு கணினியிலிருந்து மற்றக் கணினிக்குக் குரல் போக வழி செய்தோம். சிதறிப்போன உறவுகள் மன்னாருக்கு வந்தால் வெள்ளாங்குளத்தில் இருப்பவர்களோடு கதைக்கலாம்.

குரலைக் கொண்டுபோகும் நிரலை நானே எழுதினேன். மன்னாரில் சேர்வர், வெள்ளாங்குளத்தில் அதனோடு இணைகிற கிளையன்ற். பெருமை பிடிபடவில்லை எனக்கு!

ஆனால் குரல் நின்று நின்று வந்தது. ஒரு கிழவர் ஹெட்போனைக் கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினார். “என்ன பிள்ளை இது? என்ரை மகன் கதைக்கிறானோ விக்குறானோ எண்டு விளங்கேல்லை” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். அனுப்புகிற கணினியில் ஒரு தொட்டி இருக்கிறது. இன்னும் வெளியே போகாத குரல் அதில் தங்கும். பெறுகிற கணினியிலும் ஒரு தொட்டி. இன்னும் ஒலிக்காத குரல் அதில் தங்கும். அந்தத் தொட்டிக்குத்தான் பஃபர் என்று பெயர். அதன் அளவை நிரல் எழுதுகிறவர் தீர்மானிக்கலாம். நான் சிறிதாக வைத்திருந்தேன். காற்றுக்கு அன்ரெனா ஆடி, பாதை மெதுவானால், தொட்டி உடனே நிரம்பிவிடும். மேலே வருகிற குரல் சிந்திப்போகும். சிந்திய இடங்களில் சொற்கள் அறுந்தன.

அப்படியானால் தொட்டியைப் பெரிதாக்கினால் போயிற்று! இரண்டு நிரலிலும் அளவைக் கூட்டினேன். அளந்து பார்த்தா கூட்டினேன்? இல்லை. கிழவரின் மேலிருந்த கோபத்தில், கை போன போக்கில் ஒரு பெரிய எண்ணைப் போட்டேன்.

அடுத்த நாள் குரல் பழம்போல வந்தது. ஒரு சொல் அறவில்லை. அதே கிழவர், “இப்பதான் என்ரை பிள்ளையின்ரை குரல்” என்று கண்ணைத் துடைத்தார். நான் மன்னார் முழுக்க என் சாமர்த்தியத்தைச் சொல்லித் திரிந்தேன். கேட்க ஆள் அகப்படாத நாட்களில் நிலையத்து வாசலில் நின்ற கழுதைகளுக்கும் சொல்லியிருப்பேன்.

ஆனால்... ஒன்றும் சிந்தாத தொட்டியில் என்ன நடக்கும்? யோசித்துப் பாருங்கள். பாதை ஒடுங்கினால் குரல் வரிசையில் நிற்கும். புதிதாகச் சொன்ன சொல், முன்னே நிற்கிற சொல்லெல்லாம் போகும்வரை காத்திருக்கும். எதுவும் தொலையாது, எல்லாம் பிந்தும். மற்றப் பக்கத்திலிருந்து பதில் வரும்போதும் அதே கதைதான்.

எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும்! நானே சோதித்தேன். மன்னார் நிலையத்தில் என்னோடு வேலை செய்தவர் யூட் அண்ணா. “யூட் அண்ணா, கேக்குதோ?” என்று வெள்ளாங்குளத்தில் இருந்து கேட்டுவிட்டு, மனதுக்குள் ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லத் தொடங்குவேன். எங்கள் வீட்டில் முட்டை அவிப்பதற்கும் அதுதான் கணக்கு. காற்றில்லாத நாளில் பாதி மன்றாட்டுக்குள் யூட் அண்ணாவின் “ஓம், கேக்குது” வந்துவிடும். சோளகக் காற்றுப் பெயர்ந்து வீசுகிற நாளில் ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்கிய பிறகுதான் வரும்.

வரிசையில் எவ்வளவு குரல் நிற்கிறது என்று காட்ட, திரையின் மூலையில் ஓர் எண்ணையும் வைத்திருந்தேன். அது ஏறினால், “கொஞ்சம் பொறுங்கோ, பதில் வந்தாப் பிறகு அடுத்ததைக் கேளுங்கோ” என்று சொல்லுவேன். நல்ல ஏற்பாடுதானே? அதையும் நானே கெடுத்தேன். கொழும்பிலிருந்து பார்வையிட வந்தவர்களில் ஒருவர், “இது என்ன ஏறிக்கொண்டே போகுது? ஏதும் பிழையோ?” என்று கேட்டார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. அவர்கள் போனதும் அந்த எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். பிழையைத் திருத்தவில்லை. பிழையைக் காட்டியதை மறைத்தேன்.

அதற்குப் பிறகுதான் தவமணி அக்கா வந்தாள்.

வெள்ளாங்குளத்து வயல்காரக் குடும்பம். இடுப்பில் ஷெல் துண்டு பட்டதால் பஸ்ஸில் குந்தியிருக்க முடியாது. கணவன் சிவநேசன் போரின் கடைசி நாட்களில் தொலைந்தவன்; காயப்பட்டதாக மட்டும் ஒரு கதை இருந்தது. மாமனார், செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுவோம் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் பொட்டை அழிக்க மனமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான், சிவநேசனோடு ஒரே பங்கரில் பதுங்கியிருந்த ஜெறாட் என்ற, மன்னார்ப் பக்கத்து ஓலைத்தொடுவாய்ப் பொடியன் தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்திருக்கிறான் என்று அறிந்தாள். அவனுக்கும் ஏதோ பயணம். அன்றே போக வேண்டும். மன்னார் நிலையத்துக்கு வந்து கதைத்துவிட்டுப் போக ஒத்துக்கொண்டான்.

கதிரையில் இருக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அக்கா. “இண்டைக்குத் தெரிஞ்சிடும் பிள்ளை. இல்லையெண்டு அவன் சொன்னா, மாமா சொன்ன மாதிரிக் கிரியையைச் செய்து முடிப்பன். அழுது முடிச்சிட்டு வயலைப் பாப்பன். ஓமெண்டா இருப்பன்.”

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இணைப்பைக் கொடுத்ததும் நாங்கள் வெளியே போய்விடுவோம். சனங்கள் முகாமில் தடுப்புச் சீலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கிடந்து, தனியாக அழவும் இடமில்லாமல் வந்தவர்கள். கதைக்கும்போதாவது அவர்களைத் தனியே விட வேண்டும். மன்னாரில் யூட் அண்ணா கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். நானும் போயிருக்க வேண்டும். அக்காவுக்கு ஹெட்போன் காதுக்கு இறுக்கமாக இருந்தது என்று ஒலிபெருக்கியைப் போட்டுக் கொடுத்தேன். சத்தம் சரியா என்று பார்க்க வாசலடியிலேயே நின்றேன். வெளியே சோளகம் தகரத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் சுகம் விசாரித்தார்கள். பிறகு அக்கா கேட்டாள்: “தம்பி, அவருக்குக் காயம் பட்டது உண்மையோ?”

பதில் இல்லை. தகரம் அடிக்கிற சத்தம் மட்டும்.

பொறுங்கோ என்று நான் சொல்லியிருக்க வேண்டும்! ஒரு சொல்... கையைக் காட்டியிருந்தாலும் போதும். காதில் விழக் கூடாத கதையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேனே என்ற வெட்கத்தில் நான் அசையவில்லை. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. மேசையில் குனிந்து கத்தினாள்: “காயம் பட்டாப் பிறகு நீர் ஆளை உயிரோட கண்டனீரோ, தம்பி? சொல்லும்!”

“ஓம்... ஓம் அக்கா.”

அவ்வளவுதான். திரையில் இணைப்பு அறுந்த செய்தி வந்தது. காற்றுக்கு எங்கேயோ ஒரு கம்பம் சரிந்துவிட்டது. திரும்ப நிமிர்த்தி முடிக்கப் பின்னேரம் ஆயிற்று. அதற்குள் ஜெறாட் போய்விட்டான்.

அந்த ‘ஓம்’ எந்தக் கேள்விக்கு? முதற்கேள்விக்கு என்றால், காயம் பட்டது உண்மை என்று மட்டும்தான் அவன் சொன்னான். இரண்டாவது கேள்வி அப்போது என் பெரிய தொட்டிக்குள், வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அவன் அதைக் கேட்கவே இல்லை. இரண்டாவது கேள்விக்கு என்றால், சிவநேசன் காயத்தோடு உயிராக இருந்தான். மூலையில் அந்த எண் இருந்திருந்தால் ஒரு பார்வையில் எனக்குத் தெரிந்திருக்கும். அது இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

அக்கா திரும்பினாள். அந்த முகத்தை நான் என்னவென்று சொல்ல! “கண்டவனாம் பிள்ளை! உயிரோட கண்டவனாம்! நீயும் கேட்டனீதானே?”

“ஓம் அக்கா. நானும் கேட்டனான்.”

என் கைகளைப் பிடித்து ஆட்டினாள். நான் அவள் கைகளைப் பிடித்தேன். மண்டபத்துக்கு வெளியே நின்ற சனமெல்லாம் உள்ளே வந்தது. “கொம்பியூட்டர்ப் பிள்ளையும் கேட்டதாம்” என்று மாமனாரிடம் யாரோ சொன்னார்கள். அந்த மனிதர் என்னையே பார்த்தார். பிறகு சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்தியேட்டிக் கதை அன்றோடு நின்றது.

ஏன் சொன்னேன்? இரக்கத்தாலா? இரக்கம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்குள் ஓடியது வேறு. ‘அக்கா, இந்த மெசினில பதில் பிந்தி வரும், கேள்வி மாறியிருக்கலாம்’ என்று சொன்னால், ஏன் பிந்தும், யார் அப்படி வைத்தது என்று கேட்பார்களே! அந்தக் கிழவரும் அங்கேதான் நின்றார்... அதுவும் இரக்கமும் ஒன்றாகத்தான் இருந்தன. எது முன்னுக்கு நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

மன்னாருக்கு வந்ததும் யூட் அண்ணாவைப் பிடித்தேன். “ஜெறாட் போகேக்கை என்ன சொன்னவர்?”

“ஒண்டும் சொல்லேல்லை. நான் கதவைத் திறக்கேக்கை ஹெட்போனை மேசையில வைச்சிட்டு முகத்தைத் துடைச்சவன். பஸ் போயிடும் எண்டு ஓடினவன்.”

“அழுதவரோ?”

“அழுகையோ வேர்வையோ, நான் எங்க பாத்தனான்? ஏன், என்ன நடந்தது?”

ஒன்றுமில்லை என்றேன். அதுவும் பொய். இது மட்டும் நிச்சயமான பொய்.

அதன் பிறகு நான் போட்ட கணக்குகளை உங்களிடம் எப்படிச் சொல்வது? பெறுகிற தொட்டியின் அளவைச் சேர்வரில் இணைப்புக்குக் காத்திருக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். இணைப்பு வந்த பிறகு சொன்னால் முழுப்பலன் இராது. நான் மன்னார் நிரலில் அதை எந்த இடத்தில் எழுதியிருந்தேன்? கடைசியாக மாற்றிய பிறகு அதை நிறுத்தித் திரும்பத் தொடங்கினோமா? யூட் அண்ணாவுக்கும் நினைவில்லை. இரண்டு பக்கமும் பெரிய தொட்டி என்றால் அந்த ‘ஓம்’ முதற்கேள்விக்குத்தான். ஒரு பக்கம் மட்டும் என்றால் இரண்டாவதற்காக இருக்கலாம். இருக்கலாம்தான்! அக்கா இரண்டு கேள்விக்கும் நடுவில் எவ்வளவு நேரம் பொறுத்தாள்? மன்றாட்டைச் சொல்லிப் பார்க்கிறேன். வேகமாகச் சொன்னால் சிவநேசன் உயிரோடு இருக்கிறான். ஆறுதலாகச் சொன்னால் இல்லை. இப்படியும் ஒரு செபம் உண்டா, சொல்லுங்கள்?

இரண்டு ‘ஓம்’ சொன்னானே, கேள்விக்கு ஒன்றாக இருக்குமோ என்றும் யோசித்தேன்.

கொஞ்ச நாளில் இரண்டு நிரலிலும் அளவைக் குறைத்தேன். இம்முறை அளந்து, சோதித்து, காற்றுள்ள நாளில் எவ்வளவு பிந்தும் என்று பார்த்துக் குறைத்தேன். எண்ணையும் மூலையில் திரும்ப வைத்தேன். குரல் மறுபடி அங்கங்கே அறுந்தது. “முந்தி நல்லாயிருந்தது, இந்தப் பிள்ளை நோண்டிப் பழுதாக்கிப் போட்டுது” என்று கிழவர் எல்லோரிடமும் சொன்னார்.

ஜெறாட்டிடமே கேட்டால் முடிந்துவிடும் என்று ஓலைத்தொடுவாய்க்கும் போனேன். அவனுடைய தாய் கடற்கரையில் நெத்தலி காயவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் வெளிநாட்டுக்கென்று படகு ஏறியிருக்கிறான். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

“சிவநேசன் எண்டு ஒருத்தரைப் பற்றி வீட்டில ஏதும் சொன்னவரோ, அம்மா?”

“அவன் அந்த நாளைப் பற்றி வாயே திறக்கேல்லை, மகள்.” நெத்தலியைப் பரப்பிய கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “கடைசியாப் போற அண்டைக்கு உங்கட இடத்துக்குத்தான் வந்தவன். நீங்கள் அவன்ரை குரலைக் கேட்டனீங்களோ? என்ன சொன்னவன்?”

“ஓம் எண்டு சொன்னவர்” என்றேன். வேறென்ன சொல்ல? அந்தத் தாய் அதைக் கேட்டுத் தலையாட்டினாள். எதற்கு ‘ஓம்’ என்று அவள் கேட்கவில்லை.

வருடங்கள் போயின. நிலையத்தை மூடினார்கள். வெள்ளாங்குளத்துக்குச் சிக்னல் வந்தது, தார் போட்ட கார்ப்பெற் தெரு வந்தது. மாமனார் மகனுக்குக் கிரியை செய்யாமலே கண்ணை மூடினார். வவுனியாவிலிருக்கிற தமையன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டும் தவமணி அக்கா போகவில்லை. தன் மனுசன் வந்தால் வெள்ளாங்குளத்துக்குத்தான் வருவார் என்றாளாம். நல்ல மனிதர் ஒருவர் கலியாணம் பேசி வந்தாராம். அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினாளாம். “உயிரோட கண்ட சாட்சி இருக்கு” என்றாளாம். அந்தச் சாட்சி நான்!

எத்தனை தடவை சொல்லப் புறப்பட்டேன் தெரியுமா? ஒருமுறை பஸ்ஸில் ஏறி முக்கால்வாசித் தூரம் போனேன். வழியில் மனம் மாறிவிட்டது. ஒருவேளை அவன் உண்மையாகவே கண்டிருந்தால்? நிச்சயமில்லை என்று நான் போய்ச் சொன்னால், உயிரோடிருக்கிற மனிதனுக்கு அவள் அந்தியேட்டி செய்யமாட்டாளா? சொல்லாமல் விட்டால், இல்லாத மனிதனுக்காக அவள் கிழவியாகிறாள். இரண்டில் எது பெரிய பாவம்? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை... சத்தியமாகத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

போன மாதம் அவளே என்னை அழைத்தாள். கைத்தொலைபேசியில், பக்கத்து வளவில் நின்று கதைப்பதுபோல் குரல் தெளிவாக இருந்தது.

“பிள்ளை, சுகமா இருக்கிறியோ? உன்னட்டை ஒண்டு கேக்கோணும். சிரிக்காதை.”

“சொல்லுங்கோ அக்கா.”

“எனக்கு இப்ப கொஞ்ச நாளா அந்தப் பொடியன்ரை குரல் மறந்து மறந்து போகுது. அவன் ‘ஓம்’ எண்டு சொன்னதை நினைச்சுப் பாக்கிறன், வருகுதில்லை. நீயும் கேட்டனீதானே? அவன் எப்பிடிச் சொன்னவன்? ஒருக்காச் சொல்லிக் காட்டன்.”

இதோ, இதுதான் நேரம் என்று நினைத்தேன். கடவுளே கதவைத் திறந்துவிட்டார். சொல்லிவிடலாம். அக்கா, அந்த நாள் நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன்... ஒரு மன்றாட்டுச் சொல்லும் நேரம் நான் பேசாமல் நின்றிருப்பேன்.

“பிள்ளை? லைன் கட்டாகிப் போச்சோ? ஹலோ?”

லைன் கட்டாகவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் அன்று எந்தத் தொட்டியும் இல்லை. கேள்வி உடனே வந்து சேர்ந்துவிட்டது. பிந்தி நின்றது நான் மட்டும்.

அவன் சொன்னது எப்படி இருந்தது? தாழ்ந்த குரல். நடுவில் ஓர் இடைவெளி. கெட்ட செய்தி சொல்லப் போகிறவனின் தயக்கமா, பெண்ணோடு கதைக்கிற பொடியனின் கூச்சமா... அதே தாழ்வில், அதே இடைவெளியோடு, என் குரலில் சொன்னேன்.

“ஓம்... ஓம் அக்கா.”

மறுபக்கத்தில் அவள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. “அப்பிடித்தான். அப்பிடியேதான் சொன்னவன்” என்றாள். பிறகு, “உயிரோட கண்டவன்தானே, பிள்ளை?” என்று கேட்டாள்.

நான் திரும்பவும் ‘ஓம்’ என்றேன். இந்த ‘ஓம்’ எந்தக் கேள்விக்கு என்று எனக்குத் தெரியும்.